கட்டிலில் ஏறிய சுரைக்கொடி

உள்ள வாம்மா. செருப்பு அங்கேயே கிடக்கட்டும், யாரும் எடுத்துட்டுப் போக மாட்டாங்க. இப்படி உக்காரு. இளஞ்சியம்தானே உன் பேரு? தவமணி சொல்லியிருக்கா. ஒரே ஒரு மாசம் அவ பேசினா. அந்த ஒரு மாசத்துல உன் பேரை நாலஞ்சு தடவை சொன்னா. தங்கச்சி நல்லா தைப்பா, ரவிக்கைக்குக் கை வச்சா சுருக்கமே விழாதுன்னு.

என்ன சுத்திச் சுத்திப் பாக்குற? செடி தேடுறியா? எங்க வீட்டுல ஒரு தொட்டிகூடக் கிடையாது. வாசல்ல இருந்த முருங்கையையும் வெட்டிட்டு சிமெண்டு போட்டுட்டேன். கூட்டுறதுக்குச் சுலபமா இருக்கு. அவ்வளவுதான், வேற காரணம் இல்ல.

சரி. நீ போன்ல சொன்னதையே திருப்பிச் சொல்றேன், சரியான்னு பாரு. உங்க அக்கா விடுதலையாகி உன் வீட்டுக்கு வந்து நாப்பது நாளாச்சு. சாப்பிடுறா, குளிக்கிறா, கேட்டதுக்குப் பதில் சொல்றா. தொந்தரவே இல்ல. போன வெள்ளிக்கிழமை நீ சந்தையில ஒரு சுரைக்காய் வாங்கிட்டு வந்து அரிவாமனையில வச்சு அரிஞ்சிருக்க. அவ பாத்துட்டு எந்திரிச்சு வெளிய போய்த் தெருவுல உக்காந்தா. ரெண்டு நாள் உள்ள வரல. என்னக்கா, என்னக்கான்னு நீ கேட்டுக் கேட்டு, கடைசியில, "குணசுந்தரி அம்மாவைக் கேளு"ன்னு மட்டும் சொன்னா. அப்படித்தானே?

சொல்றேன். ஆனா நடுவுல நிறுத்தாத. நிறுத்தினா எனக்குச் சாதகமா திருப்பிடுவேன். முப்பத்தி ரெண்டு வருஷம் பெண்கள் ஜெயில்ல வார்டரா இருந்தவ நான். விசாரணைன்னு வந்தா எதைச் சொல்லணும், எதை விடணும்னு எனக்கு அத்துப்படி. எந்த ஊர் ஜெயில்னு உனக்குத் தெரியும், பேரைச் சொல்ல வேண்டாம்.

உங்க அக்கா உள்ள வரும்போது இருபத்தி நாலு வயசு. ஒல்லியா, கண்ணு மட்டும் பெருசா. ஒன்பது மாசக் குழந்தையைத் தூக்கிட்டுக் கிணத்துல குதிச்சா, அவளைக் காப்பாத்தி மேல தூக்கிட்டாங்க, குழந்தை போயிடுச்சு. சட்டத்துல அதுக்குப் பேரு கொலை. ஆயுள் தண்டனை. யாழினிதானே குழந்தை பேரு? ம். அழாதம்மா. இப்பவே அழுதா மிச்சத்தை எப்படிக் கேப்ப?

இந்த மாதிரி கேசு எங்களுக்குப் புதுசு இல்ல. ஒரு நேரத்துல ஆறு பேர் இருப்பாங்க. சிலது சுவத்துல முட்டிக்கும், சிலது சாப்பிடாது. தவமணி எதுவும் பண்ணல. பேரைக் கூப்பிட்டா "இருக்கேன்"னு சொல்லுவா. அவ்வளவுதான் பேச்சு. ரெண்டு வருஷம் அந்த ஒரு சொல்லு. மனு பாக்க யாரும் வரல. ஜெயில்ல உறவுக்காரங்க வந்து பாத்துட்டுப் போறதை மனுன்னுதான் சொல்லுவோம். ஒவ்வொரு மனு நாளும் மத்தவளுங்க தலை வாரிட்டு நிப்பாளுங்க, இவ பாட்டுக்குச் சட்டி கழுவிட்டிருப்பா. பதினாலு வருஷம் உள்ள இருந்தா, நான் வேலையில இருந்த வரைக்கும் ஒரு மனு வரலம்மா அவளுக்கு. நான் உன்னைக் குத்திக் காட்டலை. நடந்ததைச் சொல்றேன்.

மூணாவது வருஷம் மேலேர்ந்து ஒரு உத்தரவு வந்துச்சு. செடிகொடி வளக்க வச்சு மனசைத் தேத்துற சிகிச்சையாம், ஒவ்வொரு ஜெயில்லேர்ந்தும் ரெண்டு பேர் வந்து பத்து நாள் கத்துக்கணுமாம். யாரும் போகத் தயாரா இல்ல. "குணா, உனக்குப் பிள்ளையா குட்டியா, நீ போயிட்டு வா"ன்னு சூப்பிரண்டு மேடம் என் பேரை எழுதிட்டாங்க. ஆமா, எனக்குக் குழந்தை கிடையாது. அதை விடு, அது இதுக்குச் சம்பந்தமில்ல.

கோயமுத்தூர்ல நடந்துச்சு. சொல்லிக்குடுத்தவங்க ஒரு டாக்டர் மேடம். நரைச்ச தலை, காட்டன் புடவை, நகமெல்லாம் மண்ணு. முதல் நாள் எங்க பத்துப் பதினஞ்சு பேரையும் கண்ணை மூடச் சொல்லிக் கையில ஆளுக்கொரு இலையைக் குடுத்துக் கசக்கி மோந்து பாக்கச் சொன்னாங்க. எனக்கு வந்தது கற்பூரவல்லி. பக்கத்துல இருந்த ஆம்பளை வார்டர், மீசைக்காரன், கருவேப்பிலையை மோந்துட்டு ஓன்னு அழுதுட்டான். ஏன்னு அவனுக்கே தெரியல. டாக்டர் மேடம் சொன்னாங்க: "பாத்தீங்களா, செடிக்கு நம்ம வீட்டு ரகசியமெல்லாம் தெரியும். அதனால ஒருத்தர் கையில எதைக் குடுக்கிறதுக்கு முன்னாடியும் அவங்ககிட்ட கேளுங்க. எது பிடிக்கும், எது வேண்டாம், எது பயம்னு கேளுங்க."

எழுதிக்கிட்டேன். நோட்டு இன்னும் பெட்டியில இருக்கு. "செடி முக்கியமில்ல, செடிகிட்ட நிக்கிற ஆளுதான் முக்கியம். செடி பட்டுப்போனாலும் பரவாயில்ல." அதையும் எழுதிக்கிட்டேன். "காய் காய்க்கிறது பலன் இல்ல." அதுக்கு அடியில கோடுகூடப் போட்டு வச்சிருக்கேன். கடைசி நாள் பரீட்சை வச்சாங்க. அம்பதுக்கு நாப்பத்தி ஆறு. எல்லாரையும் விட அதிகம்.

திரும்பி வந்து சமையல்கட்டுக்குப் பின்னாடி ஒரு துண்டு நிலம் கேட்டு வாங்கினேன். நிலம்னா கல்லு. துணி துவைக்கிற தண்ணி அந்தப் பக்கம்தான் ஓடும். மண்வெட்டி தர மாட்டாங்க, ஆயுதம். கயிறு தர மாட்டாங்க, கழுத்துக்குப் போடுற சாமான். தட்டு, கரண்டி, தேங்காச் சிரட்டை, இதை வச்சே எட்டுப் பொம்பளைங்க ஒரு மாசம் கல்லு பொறுக்கினாளுங்க. நானும் காக்கிச் சேலையைத் தூக்கிச் சொருகிட்டு உக்காந்து பொறுக்கினேன். மத்த வார்டருங்க சிரிச்சாளுங்க. ஆனா பலன் தெரிஞ்சுச்சும்மா, நான் பொய் சொல்ல மாட்டேன். மாத்திரை போட்டாலும் தூங்காத பஷீரா, சாயங்காலம் படுத்தா காலையில எந்திரிச்சா. லூர்து அக்கான்னு ஒருத்தி, வயசானவ, கை நடுங்கும். கீரை விதையைத் தூவும்போது மட்டும் நடுங்காது. "அம்மா, என் கையைப் பாருங்க, என் கையைப் பாருங்க"ன்னு எல்லாருக்கும் காட்டிட்டுத் திரிஞ்சா.

தவமணியை நான்தான் சேத்தேன். யாரும் சொல்லல. அவளை எப்படியாச்சும் பேச வச்சிடணும்னு எனக்கு ஒரு வெறி. மத்தவங்க பேச வச்சா அது சிகிச்சை, இவளைப் பேச வச்சா அது என் சாதனை. இப்ப சொல்றேன். அப்ப அப்படி நினைக்கல.

விதை குடுக்கிற அன்னைக்குப் பொட்டலத்தைப் பிரிச்சு வரிசையா நிக்க வச்சுக் குடுத்துக்கிட்டே போனேன். கீரை, வெண்டை, கத்தரி, மிளகாய். அவ முறை வந்தப்ப கையில வந்தது சுரை விதை. நாலு. குடுத்தேன். கேக்கல. எது பிடிக்கும், எது வேண்டாம், எதையும் கேக்கல. கேட்டாலும் பதில் சொல்லியிருக்க மாட்டா, இல்லையா? இருந்தாலும் கேக்கல.

மூணு அழுகிப்போச்சு. ஒண்ணு முளைச்சுச்சு. சுரைக்குப் பந்தல் வேணும், பந்தலுக்குக் கயிறு வேணும். நான் சூப்பிரண்டு மேடம்கிட்ட சண்டை போட்டுப் பாத்தேன், நடக்கல. அப்புறம் ஆஸ்பத்திரி பிளாக்குல உடைஞ்சு கிடந்த இரும்புக் கட்டிலை எடுத்துட்டு வந்து நிமித்தி வச்சோம். கொடி அதுல ஏறுச்சு. கம்பி கம்பியா சுத்திக்கிட்டு, மேல கால்மாட்டு வரைக்கும் போயிடுச்சு. தவமணி பாத்திரம் கழுவின தண்ணியைக் குண்டான்ல தூக்கிட்டு வந்து ஊத்துவா. இலையைத் திருப்பித் திருப்பிப் பாத்துப் புழுவைக் கையாலயே எடுப்பா.

பூத்துச்சு. ஆனா பிஞ்சு நிக்கல. விரல் நீளம் வரும், மஞ்சளாகும், விழுந்துடும். ஒண்ணு, ரெண்டு, அஞ்சு, எல்லாம் விழுந்துச்சு. விழுந்ததை எல்லாம் அவ பொறுக்கி மடியில வச்சுக்குவா. குப்பையில போட மாட்டா.

சுரைப்பூ பொழுது சாயறப்பதான் விரியும். எங்களுக்கு ஆறு மணிக்கு லாக்கப், எல்லாரையும் உள்ள வச்சுப் பூட்டிடுவோம். பூச்சி வர்ற நேரமும் இல்ல, அங்க பூச்சியும் இல்ல. அதனால நான் அவளுக்குச் சொல்லிக் குடுத்தேன். இது ஆம்பளைப் பூ, காம்பு நீளமா இருக்கும். இது பொம்பளைப் பூ, அடியில பிஞ்சோடவே வரும். ஆம்பளைப் பூவைப் பறிச்சு, இதழைப் பிச்சுட்டு, இதுமேல மெல்லத் தடவு. லூர்து அக்கா பக்கத்துல நின்னுட்டு, "ஜெயிலுக்குள்ள கல்யாணம் நடக்குது, யாரும் மேல எழுதிப் போட்டுடாதீங்கடி"ன்னா. எல்லாரும் சிரிச்சோம். தவமணி சிரிக்கல. ஆனா தடவினா. தினமும் அஞ்சரைக்கு, விளக்கு வைக்கிற மாதிரி.

எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ. நான் கேட்டுப் பக்கம் நிக்கிறேன். ஓடி வர்றா. தவமணி ஓடி நான் பாத்ததே இல்ல. வந்து என் கையைப் பிடிச்சுட்டா. கைதி வார்டர் கையைப் பிடிக்கக் கூடாது. பிடிச்சுட்டு, "அம்மா, இது நின்னுடுச்சும்மா"ன்னா.

ரெண்டு வருஷம் கழிச்சு வந்த பேச்சு. நீ ஒரு பொம்பளை, உனக்குப் புரியும். நின்னுடுச்சுன்னு எதைச் சொல்லுவோம்? எனக்கு மூணு தடவை நிக்கல. அதனால அந்தச் சொல்லு என் வயித்துலதான் போய் விழுந்துச்சு. அதுவும் இதுக்குச் சம்பந்தமில்ல, விடு.

அப்புறம் ஒரு மாசம் அவ பேசினா. கொஞ்சம் கொஞ்சமா. உன்னைப் பத்திச் சொன்னா. குழந்தை பொறந்ததுக்கு அப்புறம் தூக்கமே வரலன்னு சொன்னா. கண்ணை மூடினா கிணத்துக்குள்ளேர்ந்து யாரோ பேர் சொல்லிக் கூப்பிடுற மாதிரி இருந்துச்சாம். பேய் பிடிச்சிருக்குன்னு மாமியார் வேப்பிலை அடிக்கக் கூட்டிட்டுப் போனாங்களாம். அம்மா வீட்டுக்கு ஓடி வந்தாளாம். "நாலாம் நாளே பஸ் ஏத்தி விட்டுட்டாங்கம்மா. தங்கச்சிதான் ஜன்னல் வழியா பிஸ்கட்டு குடுத்தா"ன்னு சொன்னா. நீதானே அது? பத்தொம்பது வயசுப் பொண்ணு, நீ என்ன பண்ணியிருக்க முடியும். ஆனா உங்க அம்மா அப்பா ஒரு வாரம் வச்சிருந்து ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருந்தா... சரி, சரி. நான் யாரு கேக்க.

அந்தப் பிஞ்சு வளர வளர அவ முகத்துல சதை பிடிச்சுச்சும்மா. காய் கனத்தா காம்பு அத்துக்கிட்டு விழும். அதனால அவளே தன் பழைய சேலை ஓரத்தைக் கிழிச்சு, கட்டில் கம்பியில ரெண்டு பக்கமும் முடிஞ்சு, காயை அதுக்குள்ள உக்கார வச்சா. துணிக் கீத்து ஜெயில்ல குத்தம். நான் பாத்துட்டுப் பேசாம விட்டுட்டேன். விட்டது மட்டுமில்ல, அறிக்கையில எழுதினேன்: "பயனாளி சுயமாகச் சிந்தித்து, காயின் எடையைத் தாங்கும் துணி அமைப்பு ஒன்றை உருவாக்கியுள்ளார்." மேலிடத்துல பாராட்டு வந்துச்சு.

அது ஏணைம்மா. குழந்தை போடுற ஏணை. பாத்த யாருக்கும் தெரியும். நான் துணி அமைப்புன்னு எழுதினேன்.

சாயங்காலம் அதை லேசா ஆட்டி விட்டுட்டுத்தான் லாக்கப்புக்கு வருவா. வெயில் அடிச்சா முந்தானையை நனைச்சு மேல போடுவா. லூர்து அக்கா ஒருநாள் என்னைத் தனியா கூப்பிட்டா. "அம்மா, அந்தப் பிள்ளை காய் வளக்கல"ன்னா. "பின்ன என்ன வளக்குது?"ன்னேன். "உங்களுக்குத் தெரியாதா?"ன்னா. "தெரியும் போ, எனக்குச் சொல்லித் தர வந்துட்டியா"ன்னு விரட்டினேன். தெரிஞ்சுதான் இருந்துச்சு. மனசுல எங்கேயோ தெரிஞ்சுதான் இருந்துச்சு. ஆனா தோட்டம் நல்லா போயிட்டிருந்துச்சு பாரு. நல்லா போற வண்டியை யாராச்சும் நிறுத்துவாங்களா?

இருபது நாளைக்கு மேல ஆச்சு. காய் ஒரு முழத்துக்கு மேல, பச்சையா, மினுமினுன்னு மெல்லிசா பூனைமுடி. அந்த நேரம் பாத்து மேலதிகாரி ஒருத்தர் வர்றார்னு தகவல். கூடவே பத்திரிகைக்காரங்க. தோட்டத்தைப் பாக்கத்தான் வர்றாங்க. என் தோட்டத்தை. சூப்பிரண்டு மேடம், "குணா, மேசை போட்டு எல்லாக் காயையும் அடுக்கு. அந்தப் பெரிய சுரைக்காய் நடுவுல இருக்கணும்"னாங்க.

நான் அதைக் காலையிலயே யாருக்கும் தெரியாம பறிச்சு வச்சிருக்கலாம். அதுகூடப் பரவாயில்லன்னு இப்ப தோணுது. ஆனா எனக்கு ஒரு யோசனை வந்துச்சு. பயிற்சியில சொன்னாங்களே, தன் கையால வளத்ததைத் தன் கையால பறிக்கிறப்ப ஒரு நிறைவு வரும்னு. அவளையே பறிக்க வச்சா? எல்லார் முன்னாடியும்? இவ ஒரு காலத்துல பேச்சே இல்லாம கிடந்தவ, இன்னைக்கு அறுவடை பண்றா பாருங்கன்னு காட்டினா?

முதல் நாள் அவகிட்ட சொன்னேன். "தவமணி, நாளைக்கு நீதான் அந்தக் காயை அறுக்கணும்." அவ என்னைப் பாத்தா. "விதைக்கு விடலாமாம்மா?"ன்னு கேட்டா. சுரையை முத்த விட்டா கொடியிலயே காஞ்சு குடுவையாயிடும், உள்ள விதை கலகலன்னு ஆடும். அவ அதைக் கேட்டா. "விதை நான் வாங்கித் தர்றேன். நீ அறு"ன்னேன். அவ மாட்டேன்னு சொல்லலம்மா. மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் விட்டிருப்பேன். உங்க அக்கா சொல்லல.

ஆயுள் கைதி எங்க போய் மாட்டேன்னு சொல்லுவா?

அன்னைக்குக் காலையில சமையல்கட்டுக் கத்தியைக் கையெழுத்துப் போட்டு நான்தான் வாங்கினேன். அதிகாரி வந்தார், கேமராக்காரங்க வந்தாங்க. நான் கத்தியை அவ கையில குடுத்தேன். அவ ஏணையை முதல்ல அவுத்தா. முடிச்சு இறுகிப் போச்சு, பல்லால இழுத்து அவுத்தா. இடது கையால காயை அடியில தாங்கிக்கிட்டு வலது கையால காம்பை அறுத்தா. அறுத்த இடத்துல தண்ணி சொட்டுச்சு. சுரைக்கொடி அப்படித்தான், அறுத்தா சொட்டும்.

காயைத் தோள்ல சாச்சுக்கிட்டா. தலைப்பக்கத்தை ஒரு கையால தாங்கிக்கிட்டு. அப்படியே நின்னா. யார்கிட்ட குடுக்கிறதுன்னு தெரியாம ஒவ்வொருத்தர் மூஞ்சியா பாத்தா. எல்லாரும் கை தட்டினாங்க. "சிரிம்மா"ன்னு கேமராக்காரன் சொன்னான். நான்தான் போய் அவ தோள்லேர்ந்து எடுத்தேன். விரலைப் பிரிச்சு எடுக்க வேண்டி இருந்துச்சு. எடுத்து மேசை நடுவுல வச்சேன். அந்தப் போட்டோ பேப்பர்ல வந்துச்சு. மேசைக்குப் பின்னாடி நான் நிக்கிறேன், அவ ஓரத்துல, பாதி உருவம். எனக்கு நற்சான்றிதழ் குடுத்தாங்க.

மதியம் காயெல்லாம் சமையலுக்குப் போச்சு. அது வழக்கம்தான், ஜெயில் மண்ணுல விளைஞ்சது ஜெயில் கொப்பரைக்குத்தான். கூட்டு வச்சாங்க. வரிசையில நின்னு தட்டை நீட்டினா, அவளுக்கும் ஊத்தினாங்க. லூர்து அக்கா ஓடி வந்து அவ தட்டைப் பிடுங்கப் பாத்தா. இவ குடுக்கல. தட்டை மடியில வச்சுக்கிட்டுச் சமையல்கட்டுச் சுவத்தோரமா உக்காந்துட்டா. சாப்பிடவும் இல்ல, கீழ வைக்கவும் இல்ல. கூட்டு ஆறி, ஆடை கட்டி, ஈ மொய்ச்சு, அப்படியே இருந்துச்சு.

ஆறு மணிக்கு லாக்கப். வரிசையா உக்கார வச்சு எண்ணுவோம். அன்னைக்கு நான்தான் டூட்டி. எங்க பிளாக்குல நாப்பத்தி மூணு பேர். எண்ணினேன், நாப்பத்தி மூணு. நோட்டுல எழுதப் போறேன். பின் வரிசையிலேர்ந்து தவமணி குரல்.

"அம்மா, ஒண்ணு குறையுது."

திரும்ப எண்ணினேன். நாப்பத்தி மூணு. "சரியா இருக்கு தவமணி"ன்னேன். "இல்லம்மா, ஒண்ணு குறையுது"ன்னா. கத்தல, அழல. தப்பா எண்ணிட்டேன்னு எனக்கு மரியாதையா எடுத்துச் சொல்ற மாதிரி சொன்னா. மூணாவது தடவையும் எண்ணினேன். ஏன் எண்ணினேன்னு கேளு. எனக்கே சந்தேகம் வந்துடுச்சும்மா. நாப்பத்தி மூணு தலை கண் முன்னாடி இருக்கு, ஆனா குறையுதுன்னுதான் தோணுது. பஷீரா வாயைப் பொத்திக்கிட்டா. நான் நாப்பத்தி மூணுன்னு எழுதிப் பூட்டிட்டு வந்தேன்.

மறுநாளும் சொன்னா. அதுக்கு மறுநாளும். பதினோரு நாள், லாக்கப் நேரத்துல அந்த ஒரே சொல்லு. பன்னெண்டாம் நாள் சொல்லல. அதுக்கப்புறம் பழையபடி "இருக்கேன்" மட்டும்தான்.

மனநல டாக்டரைக் கூப்பிட்டீங்களான்னு கேக்குற. கூப்பிட்டோம், மாத்திரை எழுதினார், குடுத்தோம். கோயமுத்தூர் டாக்டர் மேடத்துக்கு நான் போன் போடல. போட்டா கேப்பாங்க இல்ல, விதையைக் குடுக்கிறதுக்கு முன்னாடி அவளைக் கேட்டீங்களான்னு? நம்பர் நோட்டுலயே இருந்துச்சு. போடல.

தோட்டம் நல்லாத்தான் நடந்துச்சு. பக்கத்து ஜெயில்லேர்ந்து வந்து பாத்துட்டுப் போனாங்க. நானே நாலு பேருக்கு வகுப்பு எடுத்தேன். செடி முக்கியமில்ல, ஆளுதான் முக்கியம்னு போர்டுல எழுதிப் போட்டு எடுத்தேன். ஆனா சுரை மட்டும் போட விடல. அந்தக் கட்டிலையும் பழைய இரும்புக்குத் தள்ளிட்டேன். இன்னைக்கும் ஆறு மணி ஆச்சுன்னா நான் இந்த வீட்டுல இருக்கிறதை எண்ணுறேன். நான் ஒருத்தி. அவரு போய் ஏழு வருஷமாச்சு. எண்ணுறதுக்கு என்ன இருக்கு? ஒண்ணுதான். ஒண்ணுன்னு வாய்விட்டுச் சொல்லிட்டு, குறையுதோன்னு ஒரு நிமிஷம் நிக்கிறேன். பைத்தியம்னு நினைக்காத.

இன்னொண்ணு இருக்கு. அதைச் சொல்லலைன்னா நீ வந்ததுக்கு அர்த்தமில்ல.

நான் ஓய்வு பெற்ற வாரம். அந்தக் காரியம் நடந்து எட்டு வருஷம். எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு வந்தேன். தவமணி அரிசி புடைச்சுட்டிருந்தா. பக்கத்துல போய்த் தரையில உக்காந்தேன். வார்டர் தரையில உக்காந்ததும் அவ பயந்துட்டா. "தவமணி, அன்னைக்கு உன்னைக் கத்தியை எடுக்க வச்சது தப்பு. என் தப்பு"ன்னேன். எட்டு வருஷமா நாக்குல வச்சிருந்தது.

அவ முறத்தைக் கீழ வச்சா. அப்புறம் என் முழங்கால்மேல கையை வச்சுச் சொன்னா: "இந்தத் தடவை நீங்க சொன்னீங்க, செஞ்சேன். அந்தத் தடவை யாரும் சொல்லலம்மா. நானாத்தான் செஞ்சேன்."

சொல்லிட்டு முறத்தை எடுத்துக்கிட்டா.

மன்னிச்சுட்டான்னுதானே அதுக்கு அர்த்தம்? என் பங்கு சின்னதுன்னு, நீங்க வருத்தப்படாதீங்கன்னு, அதுக்காகத்தானே சொன்னா? நான் அப்படித்தான் எடுத்துக்கிட்டேன். அப்படி எடுத்துக்கிட்டுத்தான் இத்தனை நாள் தூங்குறேன். நீ அவகூடப் பொறந்தவ, நீ சொல்லு. இல்ல வேண்டாம், சொல்லாத. தலையை ஆட்டாத. அப்படியே விட்டுடு.

நீ கேட்டதுக்கு இதான் பதில். வீட்டுல சுரைக்காய் வாங்காத. உன் பிள்ளைங்ககிட்ட காரணம் சொல்ல வேண்டாம், பிடிக்காதுன்னு மட்டும் சொல்லு. செடி வைங்க, மனசுக்கு நல்லதுன்னு யாராச்சும் சொல்லிக்கிட்டு வந்தா விடாத. அவளா ஒருநாள் மண்ணுல கை வச்சா, நீ பக்கத்துல போய் உக்காரு. பேசாத. என்ன விதைன்னு கேக்காத. எதுக்குன்னு கேக்காத. பட்டுப்போனாலும் போகட்டும்.

என்னது? நானா? உன் வீட்டுக்கா?

இல்லம்மா. கூப்பிட்டியே, அது போதும். வந்து அவளைப் பாக்கணும்னு எனக்கு ஆசை இல்லாம இல்ல. உன் ஊருக்கு எத்தனாம் நம்பர் பஸ்சுன்னுகூட விசாரிச்சு வச்சிருக்கேன். ஆனா நான் வந்தா என்ன நடக்கும் தெரியுமா? என்னை வாசல்ல பாத்ததும் அவ எந்திரிச்சு நிப்பா. கையைக் கட்டிக்கிட்டு, தலையைக் குனிஞ்சுக்கிட்டு நிப்பா. உக்காரு தவமணின்னா உக்கார மாட்டா. பதினாலு வருஷம் நாங்க பழக்கின பழக்கம் அது, உடம்புல ஊறிப்போச்சு. உன் வீட்டுல, உன் பிள்ளைங்க முன்னாடி, அவ எனக்காக எந்திரிச்சு நிக்க வேண்டாம்.

நீ கிளம்பு, அஞ்சே காலுக்கு ஒரு பஸ் இருக்கு. அக்கா உக்காந்திருக்கட்டும்.